மழை பார்த்து மலை ஏறுவோம்

ஊரிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம், "ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏறப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தால் முதலில் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். "ஹைதராபாத்தில் ஏதப்பா மலை?" என்பார்கள். கொடைக்கானலையும் ஏற்காட்டையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இங்குள்ள குன்றுகள் மலையாகத் தோன்றாததில் வியப்பில்லை. கோல்கொண்டா கோட்டை அமர்ந்திருக்கும் குன்றே சுமார் 120 மீட்டர் உயரம்தான். பழனிக்குப் படியேறிப் போய் வந்தவர்கள் இதை ஒரு பொருட்டாகவே எண்ண மாட்டார்கள்.

இந்தச் சின்னக் குன்றுகளில் ஏறவா இத்தனை யோசனை, இத்தனை முன்னேற்பாடு என்று புதிதாக வந்து சேரும் குடும்பங்களும் கேட்பதுண்டு. மழை வரும்போல் இருந்தால் நடையை ரத்து செய்துவிட்டு, வீட்டில் பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டால் போயிற்று என்பது ஒரு கட்சி. மழையாவது வெயிலாவது, கிளம்பிய பிறகு உச்சியைத் தொடாமல் திரும்புவதா என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நேரத்தை மாற்றலாம், குன்றை மாற்றலாம், பாதையைச் சுருக்கலாம். எதைப் பார்த்து, எப்போது மாற்றுவது என்பதை, சில ஆண்டுகளாக இந்தக் குன்றுகளில் நடந்து வருபவன் என்ற முறையில் நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது. மல்காஜ்கிரி, பத்மாராவ் நகர், மாரெட்பள்ளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு. ஏழு வயதுக் குழந்தையிலிருந்து எழுபதைத் தொடும் மாமி வரை வருவார்கள். பெரிய அளவில் இதைச் செய்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். 'கிரேட் ஹைதராபாத் அட்வென்சர் கிளப்' தன்னார்வலர்களைக் கொண்டு வார இறுதிகளில் மலையேற்றங்களை நடத்துகிறது. 1996-இல் தொடங்கப்பட்ட 'சொஸைட்டி டு சேவ் ராக்ஸ்' பாறைகளைக் காண மக்களை நடத்தி அழைத்துச் செல்வதை ஓர் இயக்கமாகவே வளர்த்திருக்கிறது. மலை எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஊரில் சொல்லலாம். இங்கே அதைக்கூட நம்ப முடியாது. வீடு கட்டவும் சாலை போடவும் உடைத்துத் தீர்த்த பாறைகள் எத்தனையோ. காளான் பாறை, ஆமைப் பாறை, கரடி மூக்கு என்றெல்லாம் பெயர் பெற்ற ஒன்பது பாறைத் தொகுதிகளாவது பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் முதலில் இடம் பெற்றதற்கு அந்தச் சங்கத்தாரின் விடாமுயற்சியே காரணம்.

வானிலையைப் பற்றிப் பேசுமுன் இந்தப் பாறைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கருங்கற்களின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் உறைந்த பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, விளிம்புகளை அரித்து, சதுரக் கட்டிகளை உருண்டைகளாக்கியது. மேலே இருந்த மண் காலப்போக்கில் கரைந்து போக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருண்டைகள் வெளியே தெரிந்தன. யாரோ பூதம் அடுக்கி வைத்ததுபோல் என்று குழந்தைகள் சொல்வது இவற்றைத்தான். மண் போய்விட்டதால் மரங்களும் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை மண் உறிஞ்சும், வெயிலை மரம் தடுக்கும். இந்தக் குன்றுகளில் வெயிலும் மழையும் மின்னலும் நேரே பாறைமேல் விழுகின்றன; பாறையிலிருந்து நேரே நம்மேல்.

அடுத்தது நாட்காட்டி. சென்னையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் குடையைத் தேடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்த பழக்கம் அது. இங்கே ஓராண்டில் பெய்யும் சுமார் 800 மில்லிமீட்டரில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் தென்மேற்குப் பருவமழையாகக் கொட்டி முடிந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் மாதத்தில் இங்கே தார்ச்சாலையில் தண்ணீர் ஓடும். ஆகவே ஊரில் எந்த மாதம் நல்ல மாதம் என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் கணக்கை இங்கே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோடைக்கும் அப்படித்தான். மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் 28-ஆம் தேதி வாக்கில் முடிந்ததும் நாம் பெருமூச்சு விடுவோம். தெலுங்கு மக்கள் அப்போதுதான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். சூரியன் ரோகிணியில் இருக்கும் மே 25 முதல் ஜூன் 7 வரையிலான நாட்களை 'ரோகிணி கார்த்தெ' என்பார்கள். ரோகிணி கார்த்தெயில் ஆட்டுரலும் பிளக்கும் என்பது இங்குள்ள பழமொழி. வெறும் பேச்சல்ல, ஹைதராபாத்தில் பதிவான மிக அதிக வெப்பமான 45.5 டிகிரி செல்சியஸ், 1966-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, அதாவது ரோகிணி கார்த்தெயின் நட்ட நடுவில்தான் வந்தது. அடுத்து வரும் மிருகசீரிடக் கார்த்தெ பிறக்கும் நாளில் நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் மீன் மருந்து வாங்கக் கூட்டம் அலைமோதுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த நாள்தான் இங்கே மழையின் கதவு திறக்கும் நாள்.

ஆட்டுரல் பிளக்கும் வெயிலில் குன்றின் நிலை என்ன? கருங்கல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். காலை ஒன்பது மணிக்கு மேல் பாறையில் உட்கார முடியாது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் போகலாமே என்று தோன்றும். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆன பின்னும் பாறை அனல் விடுவதைக் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். கோடையில் எங்களுக்கு மாலை நடை கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரை மணிக்குக் குன்றின் அடியில் இருப்போம். எட்டு மணிக்குள் இறங்கிவிடுவோம். நீர் குடிக்கும் கணக்கிலும் ஒரு கண்டிப்பு உண்டு. தாகம் எடுத்தபின் குடிப்பதல்ல, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு வாய். மோரில் உப்புப் போட்டுக் கொண்டுவருவது மாமியின் ஏற்பாடு. அதை மிஞ்சிய பானத்தை நான் பார்க்கவில்லை. வெயிலில் நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்குப் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, அது வெறும் களைப்பு என்று எண்ணி உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போகக் கூடாது. நிழல், உடல் முழுதும் நீர், உடனே மருத்துவமனை. 2015-ஆம் ஆண்டு மே மாத வெயிலில் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்தையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அங்கே மலையேற்றத்துக்கு அழைப்பவர்கள் உண்டு. அதனால் குரங்கணியை இங்கே சொல்லியாக வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. பெரும்பாலும் இளைஞர்கள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தும், பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. மார்ச் மாதத்துக் காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. ஊருக்குப் போகும்போது மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் அந்த முறையான வழியில் போவதே நல்லது. காட்டுத்தீக் காலத்தில் பாதையை மூடியிருக்கிறார்கள் என்றால், தெரிந்தவர் மூலம் வேறு வழி தேட வேண்டாம். இங்கேயும் விகாராபாத் அருகிலுள்ள அனந்தகிரிக் காடு மார்ச்சில் இலை உதிர்த்துச் சருகாகக் கிடக்கும். அந்த மாதங்களில் நாங்கள் அங்கே போவதில்லை. மொட்டைப் பாறைக் குன்றுகளோடு சரி.

இனி மின்னல். எல்லாவற்றிலும் நம்மவர்கள் குறைவாக அஞ்சுவது இதற்குத்தான். அதிகமாக அஞ்ச வேண்டியதும் இதற்கே. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரிலுள்ள குன்றின் காவல் கோபுரத்தில் மழையை ரசித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நின்றவர்கள்மேல் மின்னல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். உயரமான இடத்தில் தனியாக நிற்கும் கோபுரம் ஒரு கூரையாகத் தோன்றும். மின்னலுக்கு அது ஓர் இலக்கு. நம் குன்றுகளில் உருண்டைப் பாறைக்கு அடியில் குகைபோல் இருக்கும் இடுக்குகளும் அப்படித்தான். மழைக்கு ஒதுங்கலாம், மின்னலுக்கு ஒதுங்கக் கூடாது. பாறையில் இறங்கும் மின்சாரம் அந்த இடுக்கின் வாயிலைத் தாண்டிப் பாயும்போது நடுவில் நிற்பவரைப் பற்றிக்கொள்ளும். தனி மரத்தடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஊரில் மின்னலுக்கும் ஒரு நேரம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுதும் தரை காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பி, மூன்று மணிக்கு மேல் கருமேகம் திரண்டு, மாலையில் இடியும் சில சமயம் ஆலங்கட்டியுமாக அடித்துத் தீர்க்கும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் இதே கதை. நடுவே ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அதில் இடி குறைவு, நீர் அதிகம். ஆகவே கோடையில் விடியற்காலை நடை வெயிலுக்கு மட்டுமல்லாமல் மின்னலுக்கும் மருந்தாகிறது. குழந்தைகளுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இறங்கு என்று பொருள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறுவதில்லை. கட்டடமோ, கதவு மூடிய காரோ பாதுகாப்பு. இரண்டும் எட்டாத தொலைவில் இருந்தால் உச்சியையும் தனி மரத்தையும் விட்டு விலகி, ஒருவருக்கொருவர் தள்ளி நின்று, பாதங்களைச் சேர்த்துக் குந்திக்கொள்ள வேண்டும். கூட்டமாக நின்றால் ஒரு மின்னலில் எல்லோரும் விழுவோம். தள்ளி நின்றால் உதவி செய்ய யாராவது மிஞ்சுவார்கள். குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தாய்மார்கள் தயங்கினார்கள். குழந்தைகளோ நம்மைவிடத் தெளிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

மழைக்கு வருவோம். வழுக்குப்பாறை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதன் முழுப் பொருளை நான் கற்றது இங்கேதான். குன்றின் சரிவில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வழக்கமாக வழியும் தடங்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அங்கே படலமாகப் படிந்து வாழ்கின்றன. காய்ந்திருக்கும்போது வெறும் கறைபோல் கிடக்கும். நாலு தூறல் விழுந்தால் சோப்புத் தேய்த்த தளம்தான். அதனால் ஈரத்தில் கறுப்புப் பட்டையில் கால் வைக்காதே, வெளிறிய சொரசொரப்பான பாறையில் வை என்பது முதல் பாடம். ஏறும்போது பிடிமானம் தெரியும், இறங்கும்போதுதான் சறுக்கும். மேலே இருக்கையில் மழை பிடித்துக்கொண்டால் ஓடி இறங்காமல், தேவையானால் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்குகிறோம். புடவையும் வேட்டியும் கறையாவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மலைக்கு வேறு உடையில் வரலாம். ஹவாய்ச் செருப்போடு வருபவர்களை மரியாதையாகக் கீழேயே நிறுத்திவிடுகிறோம்.

பாறை நீரை உறிஞ்சாது என்று முன்பே சொன்னேன். பெய்த மழை அத்தனையும் சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்து சேரும். காலையில் தாண்டிப் போன சிற்றோடை மதியம் திரும்பும்போது இடுப்பளவு ஓடும். காட்டுப் பகுதியில் இதன் விபரீதம் இன்னும் பெரிது. 2023 ஜூலை 26 அன்று முலுகு மாவட்டத்துக் காட்டிலுள்ள முத்தியாலதாரா அருவியைக் காணப் போன சுமார் 80 பேர், திரும்பும் வழியில் ஓடை பெருகிவிட்டதால் இருட்டில் காட்டுக்குள் சிக்கிக்கொண்டார்கள். கைபேசியில் தகவல் சொல்ல முடிந்ததாலும், மீட்புப் படையினர் இரவோடு இரவாகச் சென்றதாலும் தப்பினார்கள். அதே மாவட்டத்து லட்சுமிதேவிபேட்டையில் அடுத்த 24 மணி நேரத்தில் பதிவான மழை 649.8 மில்லிமீட்டர். ஹைதராபாத்தின் ஓராண்டு மழையில் முக்கால் பங்குக்கும் மேல், ஒரே நாளில்! ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே திரும்பியிருந்தால் அவர்கள் அன்று மாலை வீட்டில் இருந்திருப்பார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கும் எந்த இடத்தையும் ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

அனந்தகிரிக்குப் போனால் மூசி நதி பிறக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் வைத்து நிற்கும் அளவுக்குத்தான் நீர். இதே மூசிதான் 1908 செப்டம்பர் 28 அன்று பெருகி வந்து நகரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறிப் பிழைத்தவர்கள் 150 பேர் என்பார்கள். அதன் பிறகுதான் நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்து ஆலோசனை கேட்டது. உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் பிறந்தன. செவெள்ளா சாலையில் ஆலமரங்களுக்கு நடுவே காரில் போகும்போது இந்தக் கதையைச் சொன்னால், "இன்றைக்கு ஏன் அப்பா அனந்தகிரி வேண்டாம்?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

எல்லாம் தெரிந்திருந்தும், திரும்புவோம் என்று சொல்லும் வாய் யாருடையது என்பதில்தான் சிக்கல் வரும். எங்கள் குழு ஏறக்குறைய உடைந்து போனது அதனால்தான். வாரங்கல் சாலையில் 48 கிலோமீட்டரில் போங்கிர் இருக்கிறது. சரியான பெயர் புவனகிரி. சிதம்பரத்துப் பக்கம் உள்ள நம் புவனகிரியை நினைத்துக்கொண்டு எல்லோரும் பாசத்தோடு போகும் ஊர். ஒரே கல்லாக நிற்கும் பெரும் பாறையின் உச்சியில் சாளுக்கியர் காலத்துக் கோட்டை. 2014-இல் 13 வயதில் எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணா பாறை ஏறப் பழகியது இங்கேதான் என்பதால் பிள்ளைகளுக்கு அது கோயில்போல. ஒரு செப்டம்பர் ஞாயிறு, பாதிக்கு மேல் ஏறியாயிற்று. மேற்கே மேகம் கறுத்தது. இடி ஒன்று தூரத்தில் கேட்டது. வழிநடத்திய நண்பர் திரும்பச் சொன்னார். உச்சி கண்ணுக்கு எதிரே, இன்னும் பதினைந்து நிமிடம்தான். ஒரு தந்தை, "இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தது டீ குடிக்கவா சார்?" என்று கேட்டார். முணுமுணுப்போடு எல்லோரும் இறங்கினோம். மழை வரவே இல்லை. மேகம் அப்படியே வடக்கே போய்விட்டது. வெயில் பளீரென்று அடித்தது. அந்தத் தந்தை இரண்டு மாதம் வரவில்லை.

மழை வந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். வராத மழைக்காகத் திரும்பிய நாளைத்தான் எந்தக் குழுவாலும் தாங்க முடிவதில்லை. நண்பர் அடுத்த முறை திரும்பச் சொல்லத் தயங்குவார் என்பதுதான் எனக்குப் பெரிய அச்சமாக இருந்தது. பேசிப் பேசி ஒரு விதிக்கு வந்தோம். மாமி சொன்ன விதி அது. யார் வேண்டுமானாலும், குழந்தையே ஆனாலும், "போதும்" என்று ஒரு முறை சொன்னால் குழு முழுவதும் திரும்பும். காரணம் கேட்கக் கூடாது. இறங்கிய பிறகு கேலியும் கூடாது. குழந்தைகள் இதை விளையாட்டாக்கி விடுவார்கள் என்று ஆண்கள் பயந்தோம். இதுவரை குழந்தைகள் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறார்கள்; இரண்டும் நியாயமாகவே பட்டன. கோபித்துக்கொண்ட நண்பரும் திரும்பி வந்துவிட்டார். பாதியில் திரும்பினால் டீச் செலவு அவருடையது என்று அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

மலையில் தகராறு குறைய வேண்டுமானால் முடிவின் பெரும்பகுதியைச் சனிக்கிழமை மாலையே வீட்டில் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். பேகம்பேட்டை வானிலை மையம் மாவட்டம் மாவட்டமாக எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஆறரை மணிக்கு அதைப் பார்த்து, ஏழு மணிக்குள் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம். மஞ்சளானால் தொலைவான குன்றை விட்டு மௌலா அலி. படிகள் உண்டு, எந்த இடத்திலிருந்தும் சீக்கிரம் இறங்கலாம், அடிவாரத்தில் மஹ் லகா பாயின் கல்லறைத் தோட்டத்தையும் காணலாம். ஆரஞ்சானால் குன்றே கிடையாது. அப்போது நௌபத் பஹாடில் தார்ச்சாலையில் ஏறி பிர்லா அறிவியல் காட்சியகத்துக்குப் போகிறோம். ஆதிலாபாத் பக்கம் யாமன்பள்ளியில் கிடைத்த கோட்டாசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. பிள்ளைகள் சிலர் ஆரஞ்சு வரட்டும் என்று வேண்டிக்கொள்வதாகவும் கேள்வி. கே.பி.ஆர். பூங்காவில் நடக்கலாமே என்பார்கள்; தூறலில் சரி, காற்றோடு மழை பெய்த மறுநாள் கிளைகள் முறிந்து விழும் என்பதால் நாங்கள் தவிர்க்கிறோம். சிவப்பானால் வீடுதான். காட்சியகமும் வேண்டாம், கடையும் வேண்டாம். 2020 அக்டோபர் 13 அன்று காட்கேசர்ப் பகுதியில் 32 சென்டிமீட்டர் பெய்தது. நாங்கள் போங்கிர் போகும் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

ஞாயிறு காலை கிளம்புமுன் ரேடார் படத்தை ஒரு முறை பார்ப்பதும், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்த 'தாமினி' செயலியில் சுற்றுவட்டார மின்னலைப் பார்ப்பதும் என் பொறுப்பு. செயலி சொன்னதை நம்பி வானத்தைப் பார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. குன்றின் மறுபக்கம் சிக்னல் கிடைக்காது என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துவேன்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரரான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மூன்று மைலுக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. குழந்தைகளோடும் புளியோதரைப் பொட்டலத்தோடும் போகும் நமக்கு அதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். பாறை ஈரமாக இருந்தால் இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கவலை குறைவு. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்டுவிட்டு மலைக்குப் போவதைப்போல் ஒரு சுகம் வேறு இல்லை. குளிர் சில நாட்களில் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும்; அனந்தகிரியில் மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னால் போகிறவர் தெரியமாட்டார். அப்போது ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்படுகிறோம். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று, நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும். பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு. மலைகளில் உதவி கேட்க உலகம் முழுதும் வழங்கும் அடையாளம் அது. கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் தருவார். இதைப் பிள்ளைகள் மிக நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வீட்டில் ஊதிப் பழக வேண்டாம் என்று மட்டும் பெற்றோர் சொல்லி வைப்பது நல்லது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி இரண்டு முறை மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.